பட்டாணியின் தும்மல்

டில்லி முனிர்காவில் ஒரு வீட்டுக்கு வழி கேட்டால் தெருப்பெயர் சொல்லிப் பயனில்லை, பிள்ளைகளே. பால் பூத்துக்கு எதிர்ச் சந்து, ஜெராக்ஸ் கடை மாடி, மூன்றாம் தளம், படியில் செருப்பு அடுக்கிய வாசல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வாசலுக்கு உள்ளேதான் வில்பிரட்டும் சிசிலியாவும் இருந்தார்கள்.

அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து, செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். அவள் அரசு ஆஸ்பத்திரியில் சர்ஜிகல் வார்டு நர்ஸாக இருந்தவள். இரண்டு பேருக்கும் ஊர் பாளையங்கோட்டை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு ஏன் ஊருக்குப் போகவில்லை என்று யாராவது கேட்டால், "டிஸ்பென்சரி பக்கத்துல இருக்குல்லா" என்பார் வில்பிரட். அது உண்மைதான், ஆனால் பாதி. ஊரில் போய் இறங்க வீடு கிடையாது. அவருடைய அம்மா போன பிறகு அண்ணன் தம்பிகள் சேர்ந்து அதை விற்றுவிட்டார்கள்.

தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்த வீட்டில் ஒரு காரியம் நடக்கும். சிசிலியா பூண்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் போடுவாள். சின்னப் பிள்ளைகளுக்கான சேனல். அதில் பட்டாணி என்று ஒரு கீரிக்குட்டி வரும். ஒவ்வொரு நாளும் எதையாவது தொலைத்துவிட்டு, ஊரெல்லாம் தேடி அலையும். தூசி பட்டால் தும்மும். வில்பிரட் அந்த நேரம் பார்த்துப் பேப்பரை விரிப்பார். காலையிலேயே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த பேப்பர். இவள் கண் பூண்டில் இருக்கும், அவர் கண் பேப்பரில் இருக்கும். திரையை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து மணிக்குப் பாட்டுப் போட்டு முடிந்ததும், "டீ போடட்டா?" என்பாள். "போடு" என்பார். அவ்வளவுதான்.

அந்தக் கீரிக்குட்டிக்குக் குரல் கொடுத்தது அவர்கள் மகள் எவாஞ்சலின்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் நின்றபடி, படிப்பை விட்டுவிட்டதாகச் சொன்னாள். சென்னையில் டப்பிங்கில் ஆள் எடுக்கிறார்கள், குரலைப் பதிவு செய்து அனுப்பினேன், வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். ஏன் போகிறேன், எப்படிப் பிழைப்பேன் என்று நெடுநேரம் விளக்கினாள். அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "நீ பேசுனது போதும்" என்றார். வேறு திட்டு ஒன்றும் இல்லை, அடி இல்லை. மறுநாள் அவள் ரயிலேறிப் போய்விட்டாள்.

அவர் போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. சிசிலியாதான் வார்டு மாடிப்படியில் நின்று ஒளித்து ஒளித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் கழித்து மகள் சொல்லிவிட்டாள்: "நீங்க இப்படிக் களவாப் பேசுதது எனக்கு என்னமோ மாதிரி இருக்கும்மா. அப்பா பேசட்டும். அதுக்கப்புறம் பேசுவோம்." அன்றோடு அதுவும் நின்றது. கிறிஸ்மஸுக்கு ஒரு செய்தி வரும், ஈஸ்டருக்கு ஒரு செய்தி வரும். எழுத்தில் இரண்டு வரி.

அப்புறம் ஒரு நாள் பாளையங்கோட்டையிலிருந்து ஜெனி கூப்பிட்டாள். சிசிலியாவின் அண்ணன் மகள்.

"அத்தை, பட்டாணின்னு ஒரு கீரி வருதுல்லா கார்ட்டூன்ல, அது யாரு தெரியுமா? நம்ம எவா."

சிசிலியா உடனே டிவியைப் போட்டாள். அதே சேனல், அதே கீரி, அதே வாலாட்டல். ஆனால் அது மட்ரு என்ற பெயரில், யாரோ ஒரு பெண்ணின் குரலில் இந்தி பேசியது. டில்லிக்காரக் கேபிளில் அப்படித்தான் வரும். படம் ஒன்றுதான், ஊருக்கு ஊர் வாய் வேறு. முனிர்கா கேபிள்காரர் தமிழ் என்று கொடுத்தது மூன்று சேனல். நான்காவது கேட்டால், "ஆன்ட்டி, அதுக்கு நீங்க மதராஸ்தான் போகணும்" என்று சிரிப்பார்.

இதற்கு டில்லித் தமிழர்கள் எல்லோரும் அறிந்த வழி ஒன்று உண்டு. ஊரில் சொந்தக்காரர் முகவரியில் ஒரு டிஷ் கனெக்ஷன் எடுப்பது; பெட்டியை ரயிலில் கொண்டுவந்து இங்கே மாடியில் மாட்டிக்கொள்வது. வானத்திலிருந்து வருவது எல்லா ஊருக்கும் ஒன்றுபோலத்தான் வருகிறது. எந்தச் சேனலைத் திறந்துவிடலாம், எந்த மொழியைத் திறந்துவிடலாம் என்பதைப் பெட்டியின் முகவரிதான் முடிவு பண்ணுகிறது. வில்பிரட்டின் தம்பி பிராங்ளின் அடுத்த முறை டில்லி வந்தபோது, வேட்டியில் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான்.

"எதுக்குடே இது?" என்று கேட்டார் வில்பிரட்.

"மதினிக்கு ஞாயித்துக்கிழமை ஆராதனை பாக்கணுமாம்" என்றான் பிராங்ளின்.

மாட்டிய அன்றைக்கே நாலரை மணிக்குப் பட்டாணி தமிழில் பேசியது. குரலைக் கொஞ்சம் கீச்சென்று மாற்றியிருந்தாள். சிசிலியாவுக்கே முதலில் சந்தேகம் வந்தது. பிறகு அது தும்மியது. இரண்டு சின்னத் தும்மல், ஒரு இடைவெளி, அப்புறம் வீடே அதிர ஒரு பெரிய தும்மல். டில்லிக் குளிரில் ஒவ்வொரு காலையும் மகளின் அந்தத் தும்மலில்தான் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்திருப்பார். வில்பிரட்டின் பேப்பர் ஒரு தரம் மடங்கி நிமிர்ந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஐந்து வருஷம் அப்படியே ஓடிற்று. சிசிலியாவின் காது நர்ஸின் காது. குரலில் சளி கட்டியிருக்கிறதா, களைப்புத் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே பூண்டு உரிப்பாள். "இன்னைக்குத் தெளிவா இருக்கு" என்று மனசுக்குள் குறித்துக்கொள்வாள். அது போதுமாக இருந்தது. கிறிஸ்மஸ் செய்தி வந்தது, ஈஸ்டர் செய்தி வந்தது, நாலரை மணிக்குக் குரல் வந்தது. மகள் சுகமாக இருக்கிறாள் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டாள் அந்தத் தாய்.

இந்த வருஷம் மே மாதம் ஒரு பெரிய ஆந்தி, டில்லிப் புழுதிப் புயல், அடித்தது. மத்தியானமே இருட்டி, மண் பறந்து, சந்தில் இருந்த தகர போர்டெல்லாம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சிசிலியா அன்று வீட்டில் இல்லை. சபை மாதர் கூடுகைக்காக நொய்டா போயிருந்தாள். இரண்டு நாள் தங்கல். ஆந்தி அடங்கியதும் வில்பிரட் டிவியைப் போட்டார். நீலத் திரையில் சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. வலிக்கிற முழங்காலோடு மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தார். டிஷ் தரையைப் பார்த்துக் குனிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து, யாருடைய வீட்டுத் தக்காளியையோ தின்றுகொண்டிருந்தது.

மணி இரண்டரை. நாலரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

எடுத்த பெண் இந்தியில் மரியாதையாகப் பேசினாள். "சார், உங்க பாக்ஸ் தமிழ்நாட்டு அட்ரஸ்ல இருக்கு. நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"டில்லி. முனிர்கா."

"கொஞ்ச நாளைக்கு வந்திருக்கீங்களா, பர்மனெண்டாவே அங்கதானா?"

வாழ்நாள் முழுவதும் வில்பிரட் நிரப்பிய படிவங்களில் இரண்டு கட்டம் இருந்தது. தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் டில்லி. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பாளையங்கோட்டை வீட்டு எண். வீடு கைமாறி, அதில் இப்போது யாரோ கேஸ் சிலிண்டர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு படிவத்தில் முகவரி பொருந்தவில்லை என்றால் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர். அன்றைக்கு யோசித்துப் பார்த்தார். இனிமேல் எங்கே போகப் போகிறோம்?

"பர்மனெண்ட்" என்றார். "டில்லிதான்."

"அச்சா சார். அட்ரஸ் மாத்திடுறேன். உங்க ஏரியாவுக்கு உள்ள சேனல் பேக் தானா வந்துடும். நாளைக்குக் காலைல மெக்கானிக் வருவார்."

"தேங்க்யூ" என்று சொல்லி வைத்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து டிஷ்ஷை நிமிர்த்திவிட்டுப் போனார். படம் முன்னைவிடப் பளிச்சென்று வந்தது. நாலரை மணிக்கு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் பேப்பரை விரிக்கவில்லை. கீரிக்குட்டி ஓடி வந்து திரையின் நடுவில் நின்று இந்தியில் பேசியது. ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானை அமுக்கினார். ஆங்கிலம். மறுபடியும் அமுக்கினார். இந்தி. ஆங்கிலம். இந்தி. ஐந்து மணி வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் சிசிலியா பூண்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். மட்ரு தும்மியது, யாரோ போல.

"என்ன இது?" என்றாள்.

"எது?"

"இந்தியில பேசுது."

"ஓ. ஆந்தியில டிஷ் சாஞ்சிட்டு. போன் பண்ணிச் சரி பண்ணுனேன்."

"போன்ல என்ன சொன்னிய?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"அட்ரஸ்."

சிசிலியா கத்தியைத் தட்டில் வைத்தாள். "இந்த அட்ரஸையா சொன்னிய? சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? டில்லில இருக்க தமிழாளு எல்லாத்துக்கும் தெரியுமே."

"எனக்கு யாரு சொன்னா? ஆராதனைக்குத்தான் பெட்டின்னு சொன்னான் பிராங்ளின்."

அவள் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள். "ஆமா. ஆராதனைக்குத்தான்."

"ஆராதனையை இப்ப உன் செல்போன்லயே பாக்கலாம்லா?"

"பாக்கலாம்."

"பெறகு எதுக்குக் கோவம்?"

"எனக்கென்ன கோவம். டீ போடட்டா?"

"போடு" என்றார். மணி ஐந்துகூட ஆகவில்லை.

அவள் சமையலறையில் பால் பொங்கி வழிய விட்டுவிட்டு நின்றாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. இரண்டு பேருக்கும் தொலைந்தது ஒன்றுதான், பிள்ளைகளே. ஆனால் இருந்ததை இருந்தது என்று ஒரு நாளும் சொல்லிக்கொள்ளாதவர்கள், போனதைப் போயிற்று என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? ஜெனியிடம் சொல்லிப் பட்டாணியைச் செல்போனில் தேடித் தரச் சொல்லலாம் என்று சிசிலியா நினைப்பாள். எதற்கு என்று அவர் கேட்டால்?

வில்பிரட்தான் காரியத்தில் இறங்கினார். திரும்பப் போன் செய்தார். மாற்றியது மாற்றியதுதான், பழைய மாநிலத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் அங்கே குடியிருப்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். தம்பியைக் கூப்பிட்டார்.

"பிராங்ளின், நான் உன் வீட்டுல குடியிருக்கதா ஒரு வாடகைப் பத்திரம் எழுதணும்."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "யாரு பேசுதது? எங்க அண்ணனா? கல்யாணப் பத்திரிகைல ஒரு கமா இல்லன்னு அச்சாபீசுக்குத் திருப்பி அனுப்புன ஆளா?"

"கேலி பண்ணாதடே. எழுதி அனுப்பு."

"என்ன காரணம்னு எழுத?"

"நிரந்தரமா அங்க தங்கப் போறேன்னு எழுது."

"அண்ணே," என்றான் பிராங்ளின், இப்போது சிரிக்காமல், "நெசமாவே வந்திருங்களேன். மாடி ரூம் சும்மாதான் கெடக்கு."

"எழுதி அனுப்பு" என்று வைத்துவிட்டார்.

பத்திரம் கூரியரில் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி வைத்து அனுப்பியிருந்தான் தம்பி. அவர் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்ததைச் சிசிலியா எடுத்துப் படித்தாள்.

"பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிய."

"ஆராதனைக்குத்தான்" என்றார் வில்பிரட்.

அவள் காகிதத்தை இருந்த இடத்திலேயே, இருந்த வாக்கிலேயே வைத்தாள். அன்றைக்கு அவர் தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக விழுந்தது.

சான்று போய், சரிபார்த்து, பிராங்ளினுக்குப் போன் வந்து, அவன் ஆமாம் என்று சொல்லி எல்லாம் முடிய மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நாட்களில் நாலரை மணிக்கு யாரும் டிவியைப் போடவில்லை. கூலர் மட்டும் கடகடவென்று ஓடும். சிசிலியா வழக்கம் விடாமல் பூண்டு உரித்தாள். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு பூண்டுக்கு வேலையில்லை. டப்பா நிறைந்து, இன்னொரு டப்பா நிறைந்து, ஊறுகாய் போட்டு, தமிழ்ப் பிள்ளைகள் தங்கியிருந்த கீழ்வீட்டுக்கும் கொடுத்தாள்.

ஜூன் நடுவில் ஒரு வியாழக்கிழமை, திரையில் தமிழ்ச் சேனல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வில்பிரட் மத்தியானத்திலிருந்தே நாற்காலியை விட்டு நகரவில்லை. நாலரைக்கு அவள் தட்டோடு வந்தாள். அவர் பேப்பரை விரித்தார். பட்டாணியின் பாட்டு தமிழில் வந்தது. கீரிக்குட்டி புதிதாக ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருந்தது. அதைத் தொலைத்தது. "என் தொப்பி எங்கே?" என்று தமிழில்தான் கேட்டது.

சிசிலியாவின் விரல் நின்றது. களைப்பாக இருக்கிறாளோ? சளியோ? இல்லை, அது சளி இல்லை. கீரி தொப்பியைத் தேடிப் பரணில் ஏறியது, தூசி பறந்தது. ஒரே ஒரு தும்மல். ஒழுங்கான, அளவான தும்மல்.

வில்பிரட் பேப்பரை மடித்துத் தரையில் போட்டார்.

"இது அவ இல்ல" என்றார்.

எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் மகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. சிசிலியா அவரைப் பார்க்காமலே, "இல்ல" என்றாள்.

"ஒருவேளை சவுத்லயே வேற வேற விடுவானோ? மதுரைப் பக்கம் ஒண்ணு, மெட்ராஸ் பக்கம் ஒண்ணுன்னு?"

"அப்படி இருக்காதுங்க."

"இருக்கலாம்லா. அட்ரஸ் தப்பா ஏறியிருக்கும். பிராங்ளின் வீட்டுப் பின்கோடு…"

"ஏங்க," என்றாள் சிசிலியா. அவர் நிறுத்தினார்.

அவள் ஜெனிக்குப் போன் போட்டு, ஒலியைப் பெரிதாக்கி மேஜையில் வைத்தாள்.

"ஜெனி, பட்டாணிக்குக் குரல் மாறியிருக்கே?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. ஜெனி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நீங்க இப்பதான் பாக்குதியளா அத்தை?"

"எவா எங்க?"

"மெட்ராஸ்லதான் இருக்கா. உயிருக்கு ஒண்ணுமில்ல அத்தை."

சிசிலியா கண்ணை மூடிக்கொண்டாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த எத்தனையோ பேரிடம் இந்த வாக்கியத்தை அவளே சொல்லியிருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள்.

"சொல்லு."

"தைராய்டுல கட்டி. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆபரேஷன் பண்ணாங்க. ஆனா அதுக்கப்புறம் பேச்சு வரல. காத்துதான் வருது, சத்தம் வரல. எழுதித்தான் காட்டுதா."

"குரல் நரம்பு அடிபட்டது ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது அத்தை. மூச்சு விட சிரமம் இல்ல. வந்தாலும் வரலாம், ஒரு வருஷம் பாக்கணும்னாராம் டாக்டர்."

"எப்ப பண்ணாங்க?"

"ஜனவரில."

வில்பிரட் மேஜைப் பக்கம் குனிந்தார். "ஜனவரியா? மே மாசம் வரைக்கும் பேசினாளேம்மா. நான் தினமும் கேட்டேனே."

"மாமா," என்றாள் ஜெனி. அவர் பக்கத்தில் இருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "அது போன வருஷமே பேசி வச்சது மாமா. அதைத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. மே கடைசியோட அது தீர்ந்துட்டு. இப்ப வாரது வேற பொண்ணு."

திரையில் தொப்பி கிடைத்த சந்தோஷத்தில் கீரி குதித்துக்கொண்டிருந்தது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல ஜெனி?" என்று கேட்டாள் சிசிலியா. கோபமில்லை அந்தக் குரலில்.

"அவதான் சொன்னா. அம்மா கேட்டாச் சொல்லு, அப்பா கேட்டாச் சொல்லு, கேக்காட்டி நீயாப் போய்ச் சொல்லாதன்னா." ஜெனி அழ ஆரம்பித்திருந்தாள். "நீங்க யாருமே கேக்கலியே அத்தை."

போனை வைத்த பிறகு சிசிலியா விரலை மடக்கி எண்ணினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. ஆபரேஷன் முடிந்து கழுத்தில் கட்டோடு அவள் படுத்திருந்த அன்றைக்கும் நாலரை மணிக்கு இங்கே தெளிவாகப் பேசினாள். "இன்னைக்கு நல்லா இருக்கு" என்று குறித்துக்கொண்டாள் அம்மா. ஏப்ரலில் ஈஸ்டர் செய்தி வந்தது. அதை எழுதக் குரல் வேண்டியதில்லை. முப்பது வருஷம் அறுவை முடிந்தவர்கள் பக்கத்தில் நின்றவள். தொண்டை அறுவை முடிந்தவரிடம் முதல் காரியமாகப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள், குரல் வருகிறதா என்று பார்க்க. மகளிடம் அதை யாரோ கேட்டிருப்பார்கள்.

வில்பிரட்டின் கணக்கு வேறாக இருந்தது. மே மாதத்தின் அந்தக் கடைசி நாட்கள். அவள் பேசி வைத்ததில் மிச்சமிருந்த கடைசி நாட்கள். தமிழ்நாடு முழுக்க எல்லா வீட்டிலும் கேட்டது, இந்த வீட்டில் மட்டும் கேட்கவில்லை. உண்மையான முகவரியைச் சொல்லி அதை அவரே அடைத்துவிட்டார்.

"அன்னைக்கு ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்," என்றார் திடீரென்று. "நிமிந்துகூடப் பாக்கல. நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

சிசிலியா மகளின் எண்ணைத் தன் போனில் எடுத்து, அழைப்பை அமுக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க பேசுங்க. அவ காத்திருந்தது உங்களுக்குத்தான்."

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வில்பிரட் எழுந்து நின்றுவிட்டார். ஆபீசில் பெரிய அதிகாரி கூப்பிட்டால் நிற்பதுபோல, ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் எடுத்த சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும்.

"எவா," என்றார். "அப்பா பேசுதேன்."

மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"நீ பேசாண்டாம். ஜெனி சொன்னா. நீ பேசாண்டாம்மா, நான் பேசுதேன்."

சொல்லிவிட்டாரே தவிர என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பேசிப் பழகாதவர். ஆகையால் ஆந்தி அடித்ததைச் சொன்னார். டிஷ்ஷின் மேல் குரங்கு உட்கார்ந்து தக்காளி தின்றதைச் சொன்னார். போனில் ஒரு பெண் முகவரி கேட்டதையும், தான் சொன்னதையும், கீரி இந்தியில் பேசியதையும் சொன்னார். தம்பி பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பியதையும், அதன் மேல் தான் கையெழுத்துப் போட்டதையும் சொன்னார். அலுவலகக் குறிப்பு மாதிரி, தேதி தேதியாக, ஒன்று விடாமல். நடுவில் ஒரு இடத்தில், "அந்தத் தும்மலை நீ எப்படிம்மா மைக் முன்னால தும்முன?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்பது நினைவு வந்து நிறுத்தினார். சிசிலியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

அந்தப் பக்கத்து மூச்சு இப்போது வேகமாக வந்தது. அழுகிறாளா, எதையாவது சொல்லப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. சத்தம் இல்லாத அழுகையை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

"எவா, நானும் அம்மையும் அங்க வரட்டுமா?"

நகத்தால் போனைத் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு. உடனே இணைப்பு போய்விட்டது.

வில்பிரட் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு தட்டு தட்டுனா" என்றார். "ஒண்ணுன்னா வாங்கன்னு அர்த்தமா, வேண்டாம்னு அர்த்தமா?"

"முன்னாலயே பேசி வச்சிருந்தாத்தானே தெரியும்" என்றாள் சிசிலியா.

இரண்டு பேரும் போனில் எழுத்து ஏதாவது வருகிறதா என்று காத்திருந்தார்கள். கீழே சந்தில் தர்பூசணிக்காரர் கூவிக்கொண்டு போனார். திரையில் பட்டாணி முடிந்து வேறு ஏதோ வந்தது, தமிழில். செய்தி வரவில்லை.

சிசிலியா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் இருந்த பயணப் பெட்டியை இழுத்தாள். எட்டு வருஷத்துத் தூசி முகத்தில் கொட்டியது. வில்பிரட் வந்து கீழே நின்று, முழங்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பெட்டியைக் கை நீட்டி வாங்கினார்.